கவிழ்த்துப் போட்ட கடல்

பிழை வந்தவுடன் "இது யார் வேலை?" என்று கேட்கிறவரை முதலில் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். சொல்வது எளிது. நான் அப்படி வெளியே அனுப்ப நினைத்த ஆள் எனக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி, அந்த அறையும் அவருடையது.

புதுச்சேரியில், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி, மறுபக்கம் லேத் பட்டறை, நடுவில் எங்கள் அலுவலகம். லேத் ஓடினால் எங்கள் மேசைகள் அதிரும். நீங்கள் இன்று குளிர்ந்த கண்ணாடி அறைகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உட்காருங்கள், எனக்குப் பொறாமை இல்லை. நாங்கள் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கடல் அலைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

நாளைக்கு எந்த இடத்தில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று இன்றே சொல்லும் மென்பொருள் எங்களுடையது. படகு உரிமையாளர் சங்கம் ஒன்று அதை எங்களிடம் வாங்கியிருந்தது. எங்கள் கணக்கு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் அவர்கள் வைத்திருந்த மின்பலகையில் ஓடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் படகை எடுப்பார்கள்.

இவ்வளவு பெரிய கடலை ஒரே ப்ராசஸால், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரே பிரதியால், நேரத்துக்குக் கணக்கிட முடியாது. அதனால் வரைபடத்தில் நம் கரையோரக் கடலை வடக்கிலிருந்து தெற்கு வரை பட்டை பட்டையாக வெட்டி, பட்டைக்கு ஒரு ப்ராசஸ் என்று பிரித்துக் கொடுத்திருந்தோம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு பட்டையின் அலை பக்கத்துப் பட்டைக்குள் புகும் என்பதால், ஒவ்வொரு ப்ராசஸும் தன் ஓரத்துக் கணக்கை வடக்கே இருப்பதற்கும் தெற்கே இருப்பதற்கும் செய்தியாக அனுப்பும். அவை அனுப்புவதைத் தானும் வாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்த சுற்று. உள்ளே நடந்தது அவ்வளவுதான்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மகன் பிரான்சில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, பிறகு இங்கே வந்து கம்பெனி தொடங்கினார். சட்டை கசங்காது, குரல் உயராது. இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் வெள்ளைப்பலகையின் மேல் மூலையில் அவர் எழுதி வைத்திருந்த ஒரு விதி எனக்கு எரிச்சலூட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியாகத் தொட்டவரே பொறுப்பு.

நேற்று வரை ஓடியது இன்றைக்கு உடைந்தால், நேற்று கைவைத்தவர் வந்து பதில் சொல்ல வேண்டும். தனியாக ஓடும் நிரலுக்கு இது ஓரளவு பொருந்தும். ஒன்றோடொன்று செய்தி பேசிக்கொள்ளும் நிரலில், உடைத்தவர் ஒருவராகவும் உடைந்த சத்தம் கேட்கும்போது அருகில் நின்றவர் இன்னொருவராகவும் இருக்கலாம். அதைவிட மோசம், இந்த விதிக்குப் பயந்து பழைய பகுதிகளை யாருமே திறப்பதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி வளைத்துத்தான் எழுதுவார்கள், பெரியவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றிப் போவதைப் போல.

சுற்றிப் போகாமல் நேராகப் போனவள் கலைவாணி. அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. கணவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ தொடங்கி, அது இன்னும் நடக்கத் தொடங்காத நேரம். அவளுக்கு ஓராண்டு ஒப்பந்தம், அதுவும் முடியப்போகிற கட்டம். அந்த நேரத்தில்தான் பட்டைகளை வெட்டும் முறையை மாற்றினாள். முன்பெல்லாம் பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்கும். ஒன்றில் கடல் அதிகமாக இருக்கும், இன்னொன்றில் பாதி நிலமாக இருக்கும். நிலத்தில் கணக்கிட ஒன்றும் இல்லை, ஆகவே அந்த ப்ராசஸ் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். எல்லோருக்கும் கடல் ஒரே அளவில் கிடைக்கும்படி கலைவாணி வெட்டினாள். கணக்கு நன்றாக வேகம் பிடித்தது. முசியே அவள் மேசைக்கே போய் "ப்ராவோ" சொன்னார். அவர் எனக்கே அதிகம் சொன்னதில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரம். ஒரு நாள் காலையில் சங்கத்துச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

"இன்னாங்க மேடம், பலகையில கடல் அமைதியா இருக்குன்னு போட்டு வெச்சிருக்கீங்க. வெளிய போனா தூக்கித் தூக்கி அடிக்குது. பாதியில திருப்பிக்கினு வந்துட்டாங்க எங்க ஆளுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல, அது எங்க நல்ல நேரம். இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா பலகையக் கழட்டி உங்க வாசல்லயே கொண்டாந்து போட்டுடுவோம்."

அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு முந்தைய நாள் கணக்கைத் திறந்தேன். நடுவில் ஒரே ஒரு பட்டையில் மட்டும் அலை திடீரென்று படுத்திருந்தது. அதே காற்றுத் தரவைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன், சரியாக வந்தது. இன்னொரு முறையும் சரி. அதற்கடுத்த முறை தப்பு, இந்தத் தடவை வேறொரு பட்டையில்.

முசியே பின்னால் வந்து நின்றிருந்தார். "கடைசியா தொட்டது யாரு?" என்று கேட்டார்.

எல்லோருடைய கண்ணும் கலைவாணி பக்கம் போனது. அதுதான் அந்த விதியின் வேலை. பிழையைத் தேட வேண்டிய கண்களை ஆளைத் தேட அனுப்பிவிடும்.

"அவங்க மாத்தினதை எடுத்துட்டு பழசையே போடுங்க" என்றார் முசியே. "ஒப்பந்தம் முடியுதில்ல? அதோட நிறுத்திக்கலாம்." அவர் கத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதைப் போல மென்மையாகத்தான் சொன்னார்.

"பழசு சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முசியே?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா ஓடிச்சே, மதாம்."

"ஓடறது வேற, சரியா இருக்கறது வேற. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். துறைமுகப் பலகைக்கு அதுவரை பழைய நிரலின் கணக்கே போகட்டும் என்றார். அதற்குள் காரணம் கிடைக்காவிட்டால் அவர் சொன்னதுதான் முடிவு. பேரம் பேசி நான் வாங்க முடிந்தது அவ்வளவுதான்.

இப்படி நேரம் நெருக்கும்போது கை தானாக எதையாவது மாற்றத் துடிக்கும். அதை அடக்குங்கள். நாங்கள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். யார் யாருக்கு எதை அனுப்பினார்கள் என்று ஒவ்வொரு ப்ராசஸும் எழுதி வைக்கும்படி ஆங்காங்கே அச்சிடும் வரிகளைச் சேர்த்தோம். சேர்த்ததும் பிழை வருவது நின்றுவிட்டது. எவ்வளவு ஓட்டினாலும் சரியான விடைதான். வரிகளை எடுத்தால் பிழை திரும்பி வந்தது. பார்க்கும்போது ஒளிந்துகொள்கிறதே என்று கலைவாணி மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். அப்போது மனம் உடையாதீர்கள். பார்த்தால் மறைகிறது என்பதே உங்களுக்குக் கிடைத்த முதல் தடயம். எழுதி வைக்கும் வேலை எல்லா ப்ராசஸையும் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. தாமதத்தில் மறைகிற பிழை, யார் முந்துகிறார்கள் என்பதோடு சம்பந்தப்பட்ட பிழை. கணக்கில் தப்பு இல்லை, வந்து சேரும் வரிசையில்தான் ஏதோ இருக்கிறது. நான் இதைச் சொன்னதும் கலைவாணி தலையைத் தூக்கினாள்.

அன்றைக்கு டீக்கடையில் நிற்கும்போது அவள் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னாள். அவள் அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். முந்தைய ஷிப்டில் தேய்ந்துபோன பெல்ட் அவர் ஷிப்டில் அறுந்தது. அறுந்தபோது பக்கத்தில் நின்றது யார் என்று மட்டும் பார்த்து அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

"அந்த பெல்ட் எப்பலேந்து தேஞ்சிருந்துதுன்னு ஒருத்தரும் பாக்கல மேடம். அவரும் கேக்காம வீட்டுக்கு வந்துட்டாரு. சாகற வரைக்கும் அத மட்டுமே சொல்லிக்கினு இருந்தாரு." டம்ளரைக் கீழே வைத்தாள். "வேலை போனா போவட்டும். இன்னாதுன்னு தெரியாம நான் வெளிய போவ மாட்டேன்."

பயத்தில் கேட்கும் குரல் ஒன்று உண்டு, பிடிவாதத்தில் கேட்கும் குரல் ஒன்று உண்டு. இது இரண்டாவது. எனக்குத் தெம்பு வந்தது.

மறுநாள் இன்னொரு ஆபத்து வந்தது, நல்லது செய்கிற முகத்தோடு. எங்கள் குழுவில் சேகர் என்று ஒரு பையன். நல்லவன், கெட்டிக்காரன், எதையும் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவன். செய்தி அனுப்பும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தம் போட்டான். எல்லா ப்ராசஸும் அங்கே வந்து நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம். போட்டுவிட்டு ஓட்டினான். மாலை வரை ஓட்டினான். ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை.

"முடிஞ்சிது மேடம்!" என்று கையைத் தட்டினான். "கலைவாணி அக்கா கோட் அப்படியே இருக்கட்டும், நிறுத்தத்தோட அனுப்பிடலாம்."

முசியேவும் வந்து பார்த்தார். அவருக்கும் நிம்மதிதான். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஒருவரை வெளியே அனுப்புவதில் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது. "அப்போ சரி. இதையே அனுப்புங்க. கலைவாணி ஒப்பந்தத்தையும் நீட்டிச்சிடலாம்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அவள் தலைச்சுமை இறங்கியாயிற்று. பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தாயிற்று. தலையாட்டினால் போதும். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் இது அவள் சோறு. என் வீறாப்புக்காக அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

கலைவாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேணாம் முசியே" என்றாள்.

"என்ன வேணாம்?"

"இது சரியாவல. நிறுத்தம் போட்டதும் எங்கியோ போயி குந்திக்கிச்சு, அவ்ளோதான். இன்னாத்துக்கு வந்துதுன்னும் தெரியல, இன்னாத்துக்குப் போச்சுன்னும் தெரியல. புயல் அன்னிக்கு மெஷின் வேற மாதிரி ஓடும், திரும்ப வரும். அன்னிக்கும் நான்தான் கடைசியா தொட்டவளா இருப்பேன். போட்ல போனவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

முசியே புருவத்தை உயர்த்தினார். "உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் முசியே. ரொம்ப வேணும். வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுத்தீங்களே, அத மட்டும் திருப்பி வாங்கிக்காதீங்க."

எனக்கு அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குப் பதிலாகச் சேகரைத் திட்டினேன். "அந்த நிறுத்தத்தை எடுடா முதல்ல" என்றேன். பாவம், அவன் ஏன் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமலே எடுத்தான்.

அதன் பிறகு நாங்கள் செய்த வேலையில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அறுபத்து நாலு ப்ராசஸில் வரும் பிழையை அறுபத்து நாலிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். எண்ணிக்கையைப் பாதியாக்கினோம், பிழை வந்தது. அதில் பாதி, அப்போதும் வந்தது. குறைத்துக்கொண்டே போய் மூன்றில் நின்றோம். மூன்றிலும் வந்தது, அபூர்வமாக. இரண்டில் மட்டும் எவ்வளவு காத்திருந்தாலும் வரவில்லை. சேகர் சலித்துக்கொண்டு இருக்கையில் சாய்ந்தான். கலைவாணி சாயவில்லை.

"ரெண்டுல வர்ல, மூணுல வருது. மூணுல அப்படி இன்னா கீ... இருக்குது மேடம்?" அவசரத்தில் பேச்சு குழறியது. "நடுவுல ஒருத்தன் இருக்கான். அவனுக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் ஆளு."

இரண்டே ப்ராசஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அண்டை ஒன்றுதான், குழம்ப வழியில்லை. நடுவில் இருப்பதற்குத்தான் வடக்கிலிருந்து ஒரு செய்தி, தெற்கிலிருந்து ஒரு செய்தி. வராத எண்ணிக்கையும் வரும் எண்ணிக்கை அளவுக்குப் பேசும், அதைச் சலிப்போடு தள்ளிவிடாதீர்கள்.

அடுத்ததாக, அபூர்வமாக வருவதை எப்போதும் வரவைக்க வேண்டும். பிழையை விரட்டாதீர்கள், வளர்த்து விடுங்கள். நன்றாகக் கொழுத்த பிறகு பிடிப்பது சுலபம். ஒரு ப்ராசஸை மட்டும் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டுச் செய்தி அனுப்பச் சொன்னோம். தெற்கே இருப்பதைத் தூங்க வைத்தால் விடை சரி. எத்தனை தடவை ஓட்டினாலும் சரி. வடக்கே இருப்பதைத் தூங்க வைத்தோம். தப்பு. மறுபடியும் தப்பு. ஒவ்வொரு தடவையும் தப்பு.

ஒரு தப்பான விடையைப் பார்த்து நான் அவ்வளவு மகிழ்ந்தது கிடையாது. சேகர்கூட எழுந்து வந்துவிட்டான்.

இப்போது தேட வேண்டிய இடம் மிகச் சிறியது. செய்தியை வாங்கும் பகுதியைத் திறந்தோம். எல்லோரும் சுற்றிப் போகும் அந்தப் பழைய பகுதிதான். இரண்டு செய்தி வாங்க வேண்டும், இரண்டையும் "யாரிடமிருந்து வந்தாலும் சரி" என்றுதான் வாங்கியிருந்தது. முதலில் வந்ததை வடக்கு ஓரத்தில் போட்டது, அடுத்து வந்ததைத் தெற்கு ஓரத்தில் போட்டது. அனுப்பியது யார் என்று பார்க்கவே இல்லை. தெற்கு முந்திக்கொண்டால் இரண்டும் இடம் மாறிவிடும்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது? சேகர் கேட்டான். கலைவாணி வெள்ளைப்பலகையில் நம் கரையை வரைந்தாள். கடலூர், புதுச்சேரி, மரக்காணம், சென்னை.

"பாருங்க. வடக்க போவப் போவ கரை கெழக்கால தள்ளிக்கினே போவுது. அப்ப வடக்குப் பட்டையில நிலம் ஜாஸ்தி, கடல் கம்மி. வேலை கம்மி. எப்பவும் அவன்தான் மொதல்ல முடிப்பான், அவன் மெசேஜ்தான் மொதல்ல வரும்." சாக்பீஸைப் பிடிப்பதைப் போல மார்க்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் எல்லாருக்கும் கடலைச் சமமாப் பிரிச்சுக் குடுத்துட்டேன்."

வாசலைத் தாண்டினால் தெரியும் நம்முடைய கரைதான் அந்தப் பிழையை மூடி வைத்திருந்தது. இந்தக் கரையைத் தவிர வேறெந்தக் கடலுக்கும் எங்கள் மென்பொருளை நாங்கள் ஓட்டியதில்லை, அதனால் வடக்கு முதலில் வரும் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி ஆகிவிட்டது. எழுதியவருக்கு அது ஓர் அனுமானம் என்றுகூடத் தோன்றியிருக்காது. நிறுத்தம் போட்டபோது ஏன் மறைந்தது என்பதும் புரிந்தது. ப்ராசஸ்களுக்கு வடக்கிலிருந்துதான் எண் கொடுத்திருந்தோம். எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பினால் பெரும்பாலும் எண் வரிசையில் கிளம்பின, வடக்கு மறுபடி முந்தியது.

வெள்ளிக்கிழமை காலை முசியேவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கலைவாணி வருவதற்கு முன்பிருந்த பழைய நிரலை எடுத்து, அதில் வடக்கைத் தூங்க வைத்து ஓட்டினேன். அதுவும் தப்பாக வந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வேணும்னே தூங்க வெச்சீங்க மதாம். கழுத்தைப் பிடிச்சா எந்த நிரலும் திணறும். சும்மா விட்டா பழசு திணறலியே."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டு இப்படிப் பேசுகிறாரே என்று பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கலைவாணி என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அவர் கேக்கறது நியாயம்தான் மேடம். முசியே, பழைய கோட்ல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன். தூக்கமும் வேணாம். வரைபடத்த மட்டும் தலகீழா கவுத்துப் போட்டு ஓட்டறேன். சென்னை கீழ, கடலூர் மேல. காத்தையும் அதே மாதிரி திருப்பிடறேன். கோட் சரியா இருந்தா அதே அலைதான் தலகீழா வரணும். இல்லியா?"

முசியே யோசித்தார். யோசித்துவிட்டு, "வரணும்" என்றார்.

பக்கத்தில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மேசை அதிர்ந்தது. கவிழ்ந்த கடலில் இப்போது நிலம் அதிகமாக இருந்த பட்டைகள் தெற்கே இருந்தன. தெற்குதான் முதலில் முடிக்கும், தெற்கின் செய்திதான் முதலில் வரும். கணக்கு முடிந்து படம் திரையில் எழுந்தது. ஒரு பட்டையில் இல்லை, நடுவில் இருந்த எல்லாப் பட்டைகளிலும் அலைகள் கந்தலாகக் கிழிந்து கிடந்தன. முசியே மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே கந்தல். மூன்றாவது முறை ஓட்ட அவர் சொல்லவில்லை.

"அந்த இடத்தைக் காட்டுங்க" என்றார்.

கலைவாணி திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மாறிகளுக்கு வடக்கு, தெற்கு என்று பிரெஞ்சில் பெயர் வைத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் அப்படிப் பெயர் வைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். எனக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது, கலைவாணிக்கும் தெரிந்திருந்தது. எங்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. என் நாக்கு நமநமவென்று அரித்தது, மறைக்க மாட்டேன். அவள் மூச்சு விடாமல் நின்றதால் நானும் நின்றேன்.

"இது என் கை" என்றார் முசியே.

கொஞ்சம் கழித்து, "கடைசியா தொட்டதும் நான்தான். எனக்கப்புறம் யாருமே தொடல போலிருக்கு" என்றார்.

"அந்தப் பலகையைப் பார்த்துப் பயந்துதான் முசியே" என்றேன். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய விதிக்குக் கீழேயே கலைவாணி வரைந்த கரை இருந்தது. என்னை இந்தத் தொழிலில் நிற்க வைத்த மனிதர் ஒரு நொடியில் வயதானவராகத் தெரிந்தார். என் கோபமெல்லாம் வடிந்து, அழுகை வருவது மாதிரி இருந்தது. அவர் தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். விரல்களை அதன் மேல் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே கலைவாணி பக்கம் தள்ளினார்.

"நீங்க தொடுங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். முதல் செய்தியை வடக்கிடமிருந்து மட்டும் வாங்கு, அடுத்ததைத் தெற்கிடமிருந்து மட்டும் வாங்கு என்று பெயர் சொல்லி மாற்றினாள். அவ்வளவு சின்ன மாற்றம். நேராக ஓட்டினாள், கவிழ்த்து ஓட்டினாள், வடக்கைத் தூங்க வைத்தும் தெற்கைத் தூங்க வைத்தும் ஓட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே அலை. முசியே ஒவ்வொன்றும் முடியும் வரை பின்னால் நின்று பார்த்தார். சாயங்காலம் புதிய கணக்கு தேங்காய்த்திட்டுப் பலகைக்குப் போனது. சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, பிழை எங்களுடையது என்றும் அது என்னவென்றும் முசியேதான் தன் வாயால் சொன்னார். ஒப்பந்தம் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவள் மேசையில் நிரந்தர வேலைக்கான உத்தரவு இருந்தது.

பலகையில் இருந்த விதியை அவர் அழித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அழிக்கவில்லை, பெருமை கொஞ்சம் அதிகம் அவருக்கு. ஆனால் அதன் பிறகு ஏதாவது உடைந்தால் "கடைசியா தொட்டது யாரு?" என்று அவர் கேட்டு நான் கேட்கவில்லை. "எப்போ உடையுது? எப்போ உடையல?" என்றுதான் கேட்டார். புதிதாக எதை எழுதினாலும் கடலைக் கவிழ்த்து ஒருமுறை ஓட்டாமல் அனுப்பக் கூடாது என்றார்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது இதுதான். பிழை மறைந்துவிட்டால் கொண்டாடாதீர்கள், ஏன் மறைந்தது என்று சொல்ல முடிந்தால் மட்டும் கொண்டாடுங்கள். அவசரம் கழுத்தை நெரிக்கும்போதும் சின்னதாக்குங்கள், எப்போதும் வரவையுங்கள். உங்களுக்கு எது எப்போதும் உண்மை என்று தோன்றுகிறதோ அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய பகுதிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எழுதியவர் யாராக இருந்தாலும்.

ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லோரும் பேசி முடித்த பிறகு, கணினியை ஒப்படைப்பதற்கு முன் அந்தப் பழைய கோப்பை ஒருமுறை திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் இருக்கும் அல்லவா? மேலே முசியே, கீழேயும் முசியே. நடுவில், வடக்கையும் தெற்கையும் பெயர் சொல்லி அழைக்கும் அந்த இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில், கலைவாணி.